மூன்றே முக்காலுக்கும் மூன்றே முக்காலுக்கும் நடுவே

நெட்டூரணியில் புதன்கிழமைக்கு மற்ற ஊர்களைவிட ஒரு பொழுது கூடுதலாக இருந்த அந்த எட்டு வாரங்களைச் சொல்லப் போனால் ஜெபக்கனியிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அதை முதலில் கண்டவள் அவள், அதைக் குறித்து எழுத வேண்டிய வேலையும் அவளுடையது, எழுதினால் என்ன ஆகுமோ, எழுதாவிட்டால் என்ன ஆகுமோ என்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான்.

அப்போது ஊரில் எல்லார் போனிலும் அவரவர் சார்பில் பேசுகிற ஏஜென்ட் செயலி ஒன்று இருந்தது. பல் பிடுங்க நாள் குறிப்பதும், மண்டபம் பிடிப்பதும், முடிவெட்ட இடம் சொல்லி வைப்பதும் ஆளும் ஆளும் பேசி முடித்தது போய், ஏஜென்ட்டும் ஏஜென்ட்டும் பேசி முடித்துக்கொண்டன. அப்படிப் பேசும்போது ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் வந்து நின்றுவிடக் கூடாதே என்று சென்னையில் ஒரு கம்பெனி காலண்டர் மோதலைப் பார்த்துச் சொல்லும் கருவி ஒன்றைச் செய்து, அதை ஓட்டிப் பார்க்க நெட்டூரணியைத் தேர்ந்தெடுத்திருந்தது. இந்த நாளில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று ஏஜென்ட் கேட்டால், மோதல் உண்டு, இல்லை என்று கருவி சொல்லும். உண்டென்றால் அடுத்த காலி நேரம் எது என்றும் சொல்லும். அதை எப்படிக் கேட்பது, என்ன பதில் வரும், வந்த பதிலை வைத்து என்ன செய்வது என்று ஏஜென்ட்டுகள் படிப்பதற்காகக் குறிப்பு எழுதும் வேலையை, அண்ணன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து ஜெபக்கனி செய்துகொண்டிருந்தாள்.

மனிதர்களுக்கு எழுதுவது சுலபம், பாதிதான் படிப்பார்கள், மீதியைத் தாங்களே யூகித்துக்கொள்வார்கள். ஏஜென்ட்டுகள் அப்படியில்லை. அவள் எழுதியதை எழுத்துப் பிசகாமல் நம்பின. முதல் மாதம் அவள் 'மோதல் இருந்தால் மற்றவரிடம் கேட்டுப் பார்க்கவும்' என்று எழுதி, எத்தனை தடவை என்று எழுத விட்டுப் போனதில், அம்மன் கோயில் பூசாரியிடம் ஒரு காதுகுத்துக்காக ஏஜென்ட் ஒன்று ஒரே பகலில் நாற்பத்திரண்டு தடவை கேட்க, மனிதர் போனைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஒரு வரி எழுதினால் ஜெபக்கனி அதைப் பத்துத் தடவை படித்துப் பார்ப்பாள்.

ஆனி மாதத்து முதல் புதன்கிழமை, மண்டபத்தில் ஒரு பூப்புச் சடங்கு வீடும் ஒரு நிச்சயதார்த்தமும் மோதிக்கொண்டபோது, கருவி இப்படிச் சொன்னது: காலி நேரம், புதன், 3:45 முதல் 3:45 வரை.

ஜெபக்கனி அதைக் கண்டு, கருவியைச் செய்த பர்வேஸுக்குச் சென்னைக்குப் போன் போட்டாள்.

"தொடக்கமும் முடிவும் ஒண்ணா வருது பர்வேஸ். இது தப்புல்லா?"

"தப்புதான். அந்த நேரத்துல யாரும் எதுவும் செய்ய முடியாது, அதனால ஆபத்தில்ல. அப்புறமா சரி பண்ணிக்கலாம் ஜெபா."

ஆனால் அதற்குள் மண்டபத்தின் ஏஜென்ட்டும் மாப்பிள்ளை வீட்டு ஏஜென்ட்டும் பெண் வீட்டு ஏஜென்ட்டும் சரியென்று சொல்லி முடித்திருந்தன. இரண்டு வேனில் ஆட்களும் ஏழு தாம்பாளத்தில் பழமும் வந்து இறங்கியிருந்தன. மணி மூன்றே முக்கால் ஆனதும் அவர்கள் மண்டபத்துக்குள் போனார்கள், பாய் விரித்தார்கள், ஓலை வாசித்தார்கள், வெற்றிலை மாற்றினார்கள், பெண்ணின் சித்தப்பா ஒருத்தர் தன்னைக் கேட்காமல் நாள் குறித்துவிட்டார்கள் என்று கோபித்துக்கொண்டு சமாதானமும் ஆனார், பாயசம் குடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மணி மூன்றே முக்கால்.

நெட்டூரணி ஜனங்கள் அதை ஒரு வாரம் பேசினார்கள், மறுவாரம் பழகிக்கொண்டார்கள். அந்தப் பொழுதுக்குக் காலண்டரில் பெயர் கொடுத்தவர்கள் மட்டுமே அதற்குள் போனார்கள், மற்றவர்களுக்குக் கண் இமைத்த நேரம்கூட ஆகவில்லை. உள்ளே போனவர்கள் தொட்டது நடந்தது, தொடாதது நின்றது. கடிகார முள் நின்றது, பஸ் நிலையத்தில் கிளம்பின பஸ் புகையோடு நின்றது, மின்கம்பத்துக்கு மேலே ஒரு காக்கை சிறகை விரித்தபடி நின்றது, ஆனால் கையால் பற்றவைத்த அடுப்பு எரிந்தது, கையால் திறந்த குழாயில் தண்ணீர் வந்தது. தெருவில் நிற்பவர்களைத் தொடக் கூடாது, அவர்கள் பையைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் உண்டானது. ஒரு டீச்சர் மட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகி நிற்பதைப் பொறுக்காமல் துடைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டாள். ஈரத்தலையோடு நின்ற பெண்டாட்டி இமைக்குமுன் பின்னலும் பிச்சிப்பூவுமாக நிற்பதைக் கண்டு புருஷன்மார் 'புதன்கிழமையா' என்று கேட்டுவிட்டுப் பேப்பரைத் திருப்பினார்கள்.

நேரம் நகராததால் பிற்பகல் அஸர் தொழுகைக்கு அதில் கணக்கில்லை என்று பள்ளிவாசலில் சொல்லிவிட்டார்கள். போதகர், கர்த்தர் ஏழு நாளைத்தான் படைத்தார், இது எதில் சேர்த்தி என்று இரண்டு ஞாயிறு பிரசங்கம் செய்துவிட்டு, மூன்றாவது புதன் தானே உள்ளே போய் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தார். மாமியாரோடு பேச்சில்லாத ஒருத்தி, அழுவதற்கென்றே பெயர் கொடுத்து, வாராவாரம் போய் அழுதுவிட்டு முகம் கழுவி வந்தாள். கொல்லர் தெரு ஆள் ஒருவர் தன் ஏஜென்ட்டிடம் 'சும்மா இருக்க' என்று எழுதச் சொன்னார், அதைப் பார்த்து இன்னும் இருபது பேர் சும்மா இருக்கப் பெயர் கொடுத்தார்கள்.

ஜெபக்கனி மட்டும் பழகிக்கொள்ளவில்லை. இப்படி ஒரு பொழுது இருக்கிறதென்றால் அது எவ்வளவு நீளம், எப்போது முடியும், முடிகிற நேரத்தில் யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன ஆகும், இதையெல்லாம் எழுத வேண்டியவள் அவள். கடிகாரம் ஓடாத இடத்தில் எதை வைத்து அளப்பது? இரண்டாவது புதன் அவளும் பெயர் கொடுத்து, ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தாள். அந்த வாரம் இரண்டு ஊதுபத்தி முழுசாக எரிந்தது. அடுத்த வாரம் ஒன்றே முக்கால். அடுத்த வாரம் ஒன்றேகால். ஏழாவது வாரம் எழுபத்தொரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள், அன்று பாதி ஊதுபத்தி எரிவதற்குள் காக்கை பறந்துவிட்டது. சலூனில் ஒருவர் ஒரு பக்கம் மீசையோடு எழுந்து வந்தார்.

அவள் தன் நோட்டில் எண்களை எழுதி வைத்துப் பார்த்தாள். பெயர்கள் கூடக்கூடப் பொழுது குறைந்துகொண்டே வந்திருந்தது. ஒரு பொழுதைத்தான் எல்லாரும் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் அதைக் கண்டுபிடித்த வியாழக்கிழமை மத்தியானம்தான் அண்ணன் ஞானசிகாமணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறுகிறவன், எதற்கும் கை நடுங்காதவன், செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து நின்றான்.

"ஜெபா, மைனிக்கு நேரம் கிடைச்சிட்டு."

மைனி சொர்ணம், அண்ணன் மனைவி, மூன்று வாரமாக ஊர் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருந்தாள். முன்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை அடைத்துக்கொண்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நாற்பது மைல் ரோட்டில் வண்டி குலுங்கினால் ரத்தம் நிற்காது, இங்கேயே வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டும், வருகிற புதனைத் தாண்டக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஒருவர்தான் நாலு ஊருக்கு. அவர் காலண்டரில் நாள் முழுக்க மோதல். புதன்கிழமை நெட்டூரணியில் அவருக்கு மூன்றே முக்காலுக்கு வேலை முடியும், உடனே வண்டி ஏறி அடுத்த ஊருக்குப் போக வேண்டும், அங்கேயும் ஒருத்தி காத்திருப்பாள்.

"எத்தன மணிக்குண்ணே?" என்று கேட்கும்போதே ஜெபக்கனிக்குத் தெரிந்துவிட்டது.

"மூணே முக்காலுக்கும் மூணே முக்காலுக்கும் நடுவில. ஊர்ல எல்லாரும் அதுலதான எல்லாம் செய்யுதாங்க. ஏம்மா, முழிக்க?"

அவள் நோட்டைக் காட்டினாள். மயக்கம் கொடுத்து, எடுத்து, தைத்து முடிக்க ஒன்றரை ஊதுபத்தியாவது வேண்டும். இப்போது இருப்பது பாதி. பாதியில் பொழுது முடிந்தால், திறந்த வயிற்றோடு மைனி இந்தப் பக்கம் வருவாள், மயக்க டாக்டர் வண்டி ஏற வேண்டிய நேரம் ஆகியிருக்கும். ஞானசிகாமணி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எழுபத்தொரு பேரையும் நான் காலில விழுந்து கேக்கேன்" என்றான்.

அதற்குத் தேவையிருக்கவில்லை. ஜெபக்கனி மாடிக்குப் போய், ஏழு வாரமாகத் தள்ளிப் போட்ட பக்கத்தைத் திறந்து எழுதினாள்: 'தொடக்கமும் முடிவும் ஒன்றாக உள்ள காலி நேரம் உண்மையானது. அதற்குள் எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனைக்கு அது குறுகும். அதில் ஒரு பிரசவம் பதிவாகியிருந்தால், மற்ற ஏஜென்ட்டுகள் தம் உரிமையாளரிடம் காரணத்தைச் சொல்லி, விட்டுக்கொடுக்க முடியுமா என்று ஒரே ஒரு தடவை கேட்கவும்.' ஒரே ஒரு தடவை என்பதை மூன்று முறை சரிபார்த்தாள். பிறகு பக்கத்தை வெளியிட்டாள்.

பத்து நிமிடத்தில் பர்வேஸ் கூப்பிட்டான்.

"உண்மையானதுன்னு எழுதியிருக்கீங்க. மேல இருக்கிறவங்க படிச்சிட்டாங்க ஜெபா. அவங்க பயந்துட்டாங்க. வர்ற வியாழக்கிழமை காலையில இதை அடைச்சிடணும்னு சொல்லிட்டாங்க."

"புதன் இருக்குமா?"

"புதன் இருக்கும். அதான் கடைசி."

நெட்டூரணியில் எழுபத்தொரு போன்கள் ஒரு தடவை மணியடித்தன. அழுகைக்குப் பெயர் கொடுத்தவள் முதலில் விட்டாள், வீட்டிலேயே அழுதுகொள்கிறேன் என்றாள். சும்மா இருக்கிறவர்கள் இருபத்தொரு பேரும் விட்டார்கள். போதகர் விட்டார், டீச்சர் விட்டாள், பாதி மீசைக்காரர் மறுபாதியையும் எடுத்துவிட்டு விட்டார். திங்கட்கிழமைக்குள் எழுபது பேர் விட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியைத் தவிர ஒரே ஒரு பெயர் நின்றது: சுயம்புலிங்கம், மனைவி பகவதியோடு. காரணம் என்ற இடத்தில் 'பேச' என்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஜெபக்கனி அவர் வீட்டுக்குப் போனாள். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை.

"எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும் தாயி. போன் கேட்டுட்டு. முடியாதுன்னு சொல்லிட்டேன். ஒரு தடவதான் கேக்கணும்னு இருக்காம்லா?"

"இருக்கு அண்ணாச்சி. நான்தான் எழுதினேன்."

"பெறவு ஏன் ரெண்டாந்தடவ கேக்க வந்த?"

ஜெபக்கனி அவர் தோளைத் தாண்டிப் பார்த்தாள். உள்ளே கட்டிலில் பகவதி உட்கார்ந்து, முந்தானையின் ஒரு நுனியை மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக அவளுக்கு எதுவும் நினைவில் தங்குவதில்லை, புருஷனையும் தெரியவில்லை என்பது ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாததைச் சுயம்புலிங்கம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அதுக்குள்ள போனா அவளுக்கு எல்லாம் ஞாபகம் வருது. முத வாரம் கூட்டிட்டுப் போனது முடி வெட்டிவிட. கத்திரிய எடுத்தேன், 'ஏங்க, காது பத்திரம்'ங்கா. ஏங்கன்னு கூப்பிட்டா தாயி. நாலு வருசம் ஆச்சு அத கேட்டு. பொழுதே நகராத எடத்துல மறதி மட்டும் எங்க நகரும்? அரை ஊதுபத்தியோ கால் ஊதுபத்தியோ, எனக்கு அது போதும்."

"நீங்க ரெண்டு பேர் மட்டும்னா கொஞ்சம்தான் குறையும் அண்ணாச்சி. ஒருவேளை பத்தும்" என்றாள் ஜெபக்கனி. சொல்லும்போதே அவளுக்கு அது பொய்யா நிஜமா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி ஆட்களோடு இவர்களும் சேர்ந்தால் ஒன்றரைக்கு மேலா கீழா என்று நோட்டில் எந்தப் பக்கமும் சொல்லவில்லை.

"வியாழக்கிழம அடைச்சிருதாங்களாம்லா?"

"ஆமா."

"அப்போ நாளைக்குத்தான் கடைசி."

"ஆமா அண்ணாச்சி."

"நீ போ" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அதில் கோபம் இருந்ததா என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை மூன்றரை மணிக்குச் சொர்ணத்தைத் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரிப் பெயரோடு சேர்த்து ஜெபக்கனியும் கூட இருக்கப் பெயர் கொடுத்திருந்தாள். டாக்டரம்மா ஊதுபத்தியை அறைக்கு வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். சொர்ணம் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, "பத்தலன்னா பிள்ளைய மொதல்ல எடுக்கச் சொல்லு, என்னத் தைக்கிறது பெறவு" என்றாள். ஜெபக்கனி தலையை ஆட்டினாள், ஆட்டியதற்காகத் தன்மேலேயே அருவருப்புப் பட்டாள். வராந்தாவில் ஞானசிகாமணி, அவனுக்கு உள்ளே வேலையில்லையென்று பெயர் கொடுக்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்று நாற்பது. போனில் அவள் பட்டியலைத் திறந்தாள். ஆஸ்பத்திரி. சுயம்புலிங்கம், பகவதி. மூன்று நாற்பத்திரண்டு. ஆஸ்பத்திரி. சுயம்புலிங்கம், பகவதி. மூன்று நாற்பத்து மூன்றுக்கு அவள் கண்ணை மூடி, கேட்கக் கூடாததைக் கேட்டு ஜெபம் செய்தாள், ஒருத்தி தன் புருஷனைக் கடைசித் தடவையாகக் கூப்பிடப் போவதைத் தடுத்துவிடு ஆண்டவரே என்று, சொல் சொல்லாகக் கேட்டாள். கண்ணைத் திறந்தபோது மூன்று நாற்பத்து நாலு. பட்டியலில் ஆஸ்பத்திரி என்ற ஒரு பெயர்தான் இருந்தது.

பிறகு கடிகாரம் நின்றது, வராந்தாவில் அண்ணன் பாதி மூச்சில் நின்றான், அவள் முதல் ஊதுபத்தியைக் கொளுத்தினாள். கண்ணாடிக்கு அப்பால் நாலு முதுகுகள் குனிந்திருந்தன. சாம்பல் வளைந்து விழுந்தது. முதல் ஊதுபத்தி முடிந்தபோது உள்ளே யாரோ துணி கேட்டார்கள், இன்னும் துணி, இன்னும் என்றார்கள், ரத்தம் அவர்கள் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. இரண்டாவதைக் கொளுத்தும்போது மூன்று தீக்குச்சி வீணானது. கால் பாகம் எரிந்தபோது ஒரு சத்தம் கேட்டது, கதவு கிரீச்சிடுவது மாதிரி, பிறகு அது அழுகையானது. பாதி எரிந்தது, தைத்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் எரிந்தது, தைத்துக்கொண்டிருந்தார்கள். குச்சியின் அடியில் ஒரு விரல்கடை மிச்சம் இருக்கும்போது டாக்டரம்மா நிமிர்ந்தார், மயக்க டாக்டர் கையுறையைக் கழற்றினார், ஜெபக்கனி குனிந்து கனலைப் பார்த்தாள், அது அணைந்தது, வராந்தாவில் அண்ணன் மீதி மூச்சை விட்டான்.

பெண் பிள்ளை. மூன்று கிலோ நூறு. பிறந்த நேரம் மூன்றே முக்கால் என்று எழுதினார்கள், அதில் பொய்யில்லை. சுயம்புலிங்கமும் பகவதியும் உள்ளே வந்திருந்தால் அந்த விரல்கடை இருந்திருக்காது, அதற்கு முன்னால் இருந்த எத்தனையோ விரல்கடைகளும் இருந்திருக்காது என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பர்வேஸ் அடைத்துவிட்டான். ஜெபக்கனி அவள் எழுதிய பக்கத்தை அழித்துவிட்டு, 'தொடக்க நேரம் முடிவு நேரத்துக்கு முன்னதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கருவி மறுத்துவிடும்' என்று ஒரு வரி எழுதினாள். அடுத்த புதன்கிழமை சிலர் பழக்கத்தில் மூன்றே முக்காலுக்குக் கண்ணை மூடி நின்றுவிட்டு, திறந்து, அசட்டுச் சிரிப்போடு வேலையைப் பார்க்கப் போனார்கள். நெட்டூரணி அதற்கும் பழகிக்கொண்டது.

மறுநாள்தான் அவளுக்குச் சுயம்புலிங்கம் வீட்டுக்குப் போகத் தைரியம் வந்தது. கதவு திறந்திருந்தது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், அவளைப் பார்த்து உள்ளே வரச் சொல்லித் தலையசைத்தார். அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள், அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

பகவதி அவரைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரு?"

"தபால்காரன்மா."

"எனக்கு ஏதும் வந்திருக்கா?"

"வந்திருக்கு" என்றார். மேல்சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துப் பிரித்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை என்பது ஜெபக்கனிக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. "நம்ம ஊர்ல ஒரு பொம்பளப் பிள்ள பொறந்திருக்காம். தாயும் பிள்ளையும் சொகம்னு எழுதியிருக்கு."

பகவதியின் முகம் விரிந்தது. "அப்படியா? எத்தன கிலோ?"

அவர் தாளைப் பார்த்தார். அது அவருக்குத் தெரியாது. நிமிர்ந்து ஜெபக்கனியைப் பார்த்தார்.

"மூணு கிலோ நூறு ஆச்சி" என்றாள் ஜெபக்கனி.

"நல்ல எடை" என்று பகவதி திருப்தியாகத் தலையசைத்தாள். முந்தானை நுனியை ஒரு தடவை மடித்தாள், பிரித்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவரைப் புதிதாகப் பார்த்து, மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க யாரு?"

"தபால்காரன்மா" என்று அவர் தாளை மறுபடி முதலிலிருந்து பிரித்தார்.